காணவில்லை என்று சொன்ன கணனி

2022ஆம் ஆண்டு மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நிறுத்தப்பட்டது உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். எரிவாயு இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, பால்மா இல்லை. எந்தப் பகுதிக்கு எத்தனை மணிக்கு மின்வெட்டு என்று அறிவிப்பதற்காக ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் ஆங்கில எழுத்தைக் கொடுத்திருந்தார்கள். "இன்டைக்கு நம்ம எழுத்துக்கு எத்தன மணிக்கு?" என்று பக்கத்து வீட்டில் கேட்டுக்கொண்டுதான் அடுப்பு மூட்டுவோம்.

அப்படியான ஓர் இரவில், போன மின்சாரம் திரும்பி வந்தபோது முன்னறை பல்ப் ஒரு தடவை வெள்ளையாகப் பளீரென்று எரிந்து அடங்கியது. மேசைக்குக் கீழே 'டப்' என்று ஒரு சத்தம். கணனியின் சுவர் சுவிட்சை நான் மூட மறந்திருந்தேன். தவறு என்னுடையதுதான். மின்சாரம் போனால் முதலில் சுவிட்சை மூடு என்று மற்றவர்களுக்கெல்லாம் சொல்பவள் நான்.

காலையில் கணனியைப் போட்டேன். விசிறி சுற்றியது. திரையும் வெளிச்சமானது. ஆனால் வழமையான படம் வராமல், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி நின்றது. எதிலிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை, சரியான தட்டைப் போடு என்பது அதன் கருத்து. மறுபடி போட்டு டிலீட் பட்டனை அமர்த்திக்கொண்டிருந்தால் பயோஸ் என்னும் நீலத் திரை வரும். கணனி தன்னுடன் என்னென்ன இணைந்திருக்கிறது என்று அங்கே பட்டியல் போட்டுக் காட்டும். என் கணனியில் இரண்டு வன்தட்டுகள், அதாவது ஹாட் டிஸ்க்குகள் இருந்தன. இரண்டுக்கும் நேரே 'கண்டறியப்படவில்லை' என்று போட்டிருந்தது.

எனக்குக் கை கால் ஓடவில்லை. ஒரு கணனிக்கு இவ்வளவு பதறுவதா என்று நீங்கள் நினைக்கலாம். அதனால் அந்தத் தட்டில் என்ன இருந்தது என்பதைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

என் தாத்தாவும் பாட்டியும் கண்டிப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவர்கள். 1977 கலவரத்துக்குப் பிறகு, இனி இங்கே இருக்க முடியாது என்று கிளிநொச்சிக்குப் போய்க் காடு வெட்டிக் குடியேறினார்கள். நான் பிறந்தது அங்கேதான். 2009இல் நடந்ததை இந்தப் பத்திரிகையை வாசிக்கும் சகோதரிகளுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. மெனிக்பாம் முகாமிலிருந்து 2010இல் வெளியே விட்டபோது எங்களுக்குப் போக இருந்த ஒரே இடம் மஹய்யாவையில் இருந்த பெரியம்மாவின் வீடு. பெரியப்பா மாநகரசபையில் சுத்திகரிப்புத் தொழிலாளியாக இருந்தவர். கட்டுகஸ்தோட்டை வீதிக்கு மேலே நெருக்கமான வீடுகள், பக்கத்தில் மாத்தளைக்குப் போகும் ரயில் பாதை, அந்தப் பக்கம் பொது மயானம். மஹய்யாவை என்று விலாசம் எழுதினால் முகத்தைச் சுளிப்பவர்கள் கண்டியில் இன்னமும் இருக்கிறார்கள். ஆனால் எங்களை வா என்று கூப்பிட்டது அந்த விலாசம்தான்.

அங்கே ஒரு பெண்கள் நிலையத்தில் ஆறு மாதம் தட்டச்சும் கணனியும் படித்தேன். 2012இல் சீட்டுப் பிடித்த காசில் பழைய கணனி ஒன்று வாங்கி முன்னறையில் வைத்தேன். கடிதம் தட்டச்சு செய்வது, பத்திரங்களை ஸ்கேன் பண்ணுவது, விண்ணப்பம் நிரப்புவது, இதுதான் தொழில். முதலில் அக்கம்பக்கத்தார் வந்தார்கள். பிறகு வடக்கிலிருந்து கண்டி ஆஸ்பத்திரிக்குச் சிகிச்சைக்கு வந்து தங்கும் பெண்கள், என்னைப் போல உறவினரைத் தேடி மலைநாட்டுக்குத் திரும்பி வந்தவர்கள் என்று ஒருவர் சொல்லி ஒருவர் வரத் தொடங்கினார்கள். கட்டுகஸ்தோட்டைக்கு அப்பாலிருந்து ஒரு சிங்கள அக்கா வருவார். அவருடைய கணவர் இராணுவச் சிப்பாய், 1996 ஜூலையில் முல்லைத்தீவு முகாம் விழுந்தபோது காணாமற் போனவர். காணாமற் போனோர் அலுவலகத்துக்கான சட்டம் 2016இல் வந்தது. காணாமற் போனவர் என்று அரசாங்கம் சான்றிதழ் கொடுக்கும் சட்டத் திருத்தமும் அதே வருடம்தான். அதற்குப் பிறகு என் வேலை பாதிக்குப் பாதி அந்தக் கடிதங்களாகவே இருந்தது.

வந்த பத்திரங்கள் எப்படிப்பட்டவை என்று உங்களுக்குத் தெரியும். தண்ணீரில் நனைந்து, வியர்வையில் ஊறி, எட்டாக மடித்து, பொலித்தீனில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தவை. மடிப்பில் பிய்ந்துபோன பிறப்புச் சான்றிதழ்கள். மை கரைந்த திருமணப் பதிவு. அவற்றை ஸ்கேன் பண்ணும்போது "அக்கா, இதில ஒரு பிரதி நானும் வெச்சுக்கொள்ளட்டுமா? தொலைஞ்சா கேக்கலாம்" என்று கேட்பேன். அநேகமாக எல்லோருமே சம்மதிப்பார்கள். அப்படிப் பத்து வருடம் சேர்ந்தது எல்லாம் அந்த இரண்டாவது தட்டில்தான் இருந்தது.

அதற்குள் என் தம்பியின் படமும் இருந்தது. நந்திக்கடல் தண்ணீருக்குள் நடந்து வந்தபோது நனைந்த அடையாள அட்டைப் படம். 2013இல் நான் அதை ஸ்கேன் பண்ணினேன். ஒரு மாதம் கழித்து மூலப்படம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்துவிட்டது. அச்செடுத்துச் சுவரில் மாட்டிய பிரதி, ஒரு மழைக்காலம் போவதற்குள் இளஞ்சிவப்பாக மங்கிவிட்டது. ஆகவே ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் விளக்கு வைத்த பிறகு அம்மா வந்து கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "பொடியனக் காட்டு" என்பா. நான் திரை நிறையப் பெரிதாக்கிக் காட்டுவேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்து போய்விடுவா.

தட்டுகள் தெரியாமல்போனது ஒரு திங்கட்கிழமை. வெள்ளிக்கு நான்கு நாள் இருந்தது.

அம்மாவுக்குச் சொல்லாமல் பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு டவுனுக்குப் போனேன். கடை ஒன்றில் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "டிஸ்க் ரெண்டும் போயிட்டுது, புதுசு போடணும், உள்ள இருந்தத மறந்துடுங்க" என்றார்கள். புதுத் தட்டின் விலையைக் கேட்டதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். டொலர் 200 ரூபாயிலிருந்து ஏறிக்கொண்டிருந்த காலம், மே மாதத்தில் அது 350ஐயும் தாண்டிவிட்டது. வெளிநாட்டிலிருந்து வரும் சாமான் எதையும் தொட்டுப் பார்க்க முடியாது.

எங்கள் ஒழுங்கைக்குக் கீழே ஒரு முஸ்லிம் தம்பி இருக்கிறார். கைத்தொலைபேசியும் கணனியும் திருத்துபவர். ஆனால் அந்தக் கிழமை அவர் மோட்டார் சைக்கிளுடன் பெற்றோல் வரிசையில் இருந்தார். டெலிபோனில் விசயத்தைச் சொன்னேன். அவர் சிரித்தார். "ரெண்டு டிஸ்க்கும் ஒரே ராவையில மவுத்தாகாது அக்கா. ஒண்டு போனா டிஸ்க் பிழை. ரெண்டும் ஒண்டாப் போனா, ரெண்டுக்கும் பொதுவா இருக்கிற ஏதோ ஒண்டு பிழை. அதப் பாருங்க. நான் வரிசைய விட்டுட்டு வரேலாது, நீங்களே திறங்க. சொல்லித் தாரன்."

பத்து வருடம் கணனியில் வேலை செய்தவள், ஒரு நாளும் அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்ததில்லை. அதெல்லாம் ஆண்பிள்ளைகளின் வேலை என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை, நானாகவே அப்படி நினைத்துக்கொண்டிருந்தேன் போலும்.

சுவரிலிருந்து வயரைக் கழற்றினேன். கழற்றிய பிறகும் பெட்டியின் பட்டனைச் சில விநாடிகள் அமர்த்திப் பிடிக்கச் சொன்னார், உள்ளே தங்கியிருக்கும் மின்சாரம் போவதற்காக. பிறகு பெட்டியின் இரும்பை ஒருமுறை தொடச் சொன்னார். நம் உடம்பில் இருக்கும் நிலைமின் உள்ளே இருக்கும் சின்னச் சின்னச் சில்லுகளைக் கெடுத்துவிடுமாம். பக்கத்து மூடியைக் கழற்றினால் ஒரு பிடி தூசியும் பல்லி முட்டை ஓடும். பெயின்ட் பிரஷால் தட்டிச் சுத்தம் பண்ணினேன்.

முதலில் அவர் கேட்டது, பயோஸ் திரையில் திகதி என்ன என்று. போய்ப் பார்த்தேன். 2009 ஜனவரி 1 என்று இருந்தது.

சகோதரிகளே, அந்தத் திகதியைப் பார்த்து நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டேன். 2009 ஜனவரி 1ஆம் திகதி நாங்கள் தர்மபுரத்தில் ஒரு தறப்பாளுக்குக் கீழே இருந்தோம். அடுத்த நாள் கிளிநொச்சி இராணுவத்தின் கைக்குப் போனது. தம்பி அப்போது எங்களுடன்தான் இருந்தான். "அக்கா, லைன்ல இருக்கிறீங்களா?" என்று அந்தப் பக்கம் கேட்டது. காரணம் வெகு சாதாரணம். தாய்ப்பலகையில் நாணயம் போல ஒரு பட்டன் பெட்டரி இருக்கும். சீஆர் 2032 என்று அதன்மேல் எழுதியிருக்கும், 3 வோல்ட். சுவர் மின்சாரம் இல்லாத நேரத்தில் கணனியின் மணிக்கூடு ஓடுவது அதன் பலத்தில். அது தீர்ந்தால் கணனி தன்னைச் செய்தவர்கள் ஆரம்பத்தில் வைத்த திகதிக்குப் போய்விடும். என் தாய்ப்பலகைக்கு அவர்கள் வைத்தது அந்தத் திகதி.

பெட்டரியுடன் மற்ற ஒழுங்குகளும் மறந்துபோகும் என்பதால் தட்டுகள் தெரியாமல்போக அதுவும் ஒரு காரணமாகலாம். புதுப் பெட்டரி போட்டேன். தட்டுகளுக்கான இணைப்பு மூடிக் கிடக்கிறதா என்று பயோஸில் பார்க்கச் சொன்னார், திறந்துதான் இருந்தது. இங்கே ஒன்றைச் சொல்லிவைக்கிறேன், உங்களில் யாருக்காவது உதவும். பெட்டரி மாற்றிய பிறகு தட்டு பட்டியலில் தெரிந்தும் விண்டோஸ் நீலத் திரையுடன் நின்றுவிட்டால், ஏஎச்சிஐ, ஐடிஈ என்று இரண்டு வகை ஒழுங்கில் ஒன்று மாறிப்போயிருக்கும். அதைப் பழையபடி மாற்றினால் போதும். அதற்காக விண்டோஸைப் புதிதாகப் போடச் சொல்லிக் காசு வாங்குபவர்கள் இருக்கிறார்கள்.

என் விசயத்தில் அதுவல்ல. திகதி சரியானது, தட்டுகள் தெரியவில்லை.

"இனி கணனியப் போட்டுட்டு டிஸ்க்குக்கு மேல கைய வெச்சுப் பாருங்க" என்றார். வன்தட்டுக்குள்ளே கண்ணாடி போல மினுங்கும் வட்டத் தட்டுகள் இருக்கின்றன. மேசைக் கணனிகளில் அவை பெரும்பாலும் நிமிடத்துக்கு 7,200 தடவை சுற்றும். அவற்றுக்கு மேலே, தொடாமல், நம் தலைமயிரின் தடிப்பில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த இடைவெளியில் வாசிக்கும் ஊசி மிதக்கிறது. ஒரு தூசி புகுந்தாலும் முட்டும். அதனால்தான் தட்டை மட்டும் ஒருபோதும் வீட்டில் திறக்கக்கூடாது. 1956இல் ஐபிஎம் கம்பனி செய்த முதலாவது வன்தட்டு பெரிய அலுமாரி அளவு, ஒரு தொன் பாரம். அதில் அடங்கியது இன்றைக்கு ஒன்றிரண்டு கைத்தொலைபேசிப் படங்களின் அளவுதான். இதெல்லாம் அந்தத் தம்பி சொன்னது அல்ல, பிறகு நான் வாசித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குத் தேவைப்பட்டது ஒன்றுதான். சுற்றும் தட்டில் கை வைத்தால் ஓடுகிற தையல் மெஷினில் கை வைத்தது போல மெல்லிய அதிர்வு தெரிய வேண்டும்.

இரண்டிலும் அதிர்வு இல்லை. இரண்டும் குளிர்ந்து கிடந்தன.

அப்படியென்றால் அவற்றுக்கு மின்சாரமே போகவில்லை. மின்சாரம் போகாத தட்டைக் கணனி எப்படிக் காணும்? வயரைப் பிடித்துக்கொண்டு போனேன். மஞ்சள் வயர் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், கறுப்பு இரண்டும் திரும்பி வரும் வழி. பவர் சப்ளையிலிருந்து வந்த வயர் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் தலையில் முடிந்து, அதிலிருந்து ஒரு மாற்றுத் துண்டு இரண்டு வாலாகப் பிரிந்து இரண்டு தட்டுகளுக்கும் போனது. 2014இல் இரண்டாவது தட்டைப் பூட்டியபோது, பவர் சப்ளையில் வேறு தலை இல்லையென்று மலிவாகப் போட்ட துண்டு. அதன் ஓரம் பழுப்பாகி உருகியிருந்தது. மூக்கைக் கொண்டுபோனால் கருகிய மணம். எத்தனையோ நாளாக உள்ளுக்குள் சூடேறிக்கொண்டிருந்தது அன்றிரவு முடிந்திருக்கிறது. இந்த மாதிரி அச்சில் வார்த்த மாற்றுத் துண்டுகள் உருகுவது பல நாடுகளிலும் கண்ட விசயம். சில வீடுகளில் தீயும் பிடித்திருக்கிறது. உங்கள் கணனியில் இருந்தால் தயவுசெய்து மாற்றிவிடுங்கள்.

இது புதன்கிழமை. வியாழன் இரவுதான் தம்பி வரிசையிலிருந்து திரும்பி வந்து தன்னிடம் கிடந்த பழைய பவர் சப்ளை ஒன்றைத் தருவதாகச் சொன்னார். வெள்ளிக்கிழமை அம்மா விளக்கு வைத்துவிட்டுக் கதிரையை இழுத்தபோது கணனி மூடி இல்லாமல் குடலெல்லாம் வெளியே தொங்கக் கிடந்தது. இனி மறைக்க முடியாது. சொன்னேன். சொல்லும்போது அம்மாவைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, "காணல்லன்டுதாம்மா அது சொல்லுது. இல்லன்டு சொல்லல்ல. ரெண்டும் வேற வேற" என்றேன்.

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தா. "அத எனக்கா சொல்ற?"

கொஞ்சம் பொறுத்து, "மெசினு காணாததும் மனுசர் காணாமப் போனதும் ஒண்ணு இல்லடி. மெசினத் திறந்து பாக்கலாம்" என்றுவிட்டு எழுந்து போய்விட்டா. அன்றிரவு இருவரும் சாப்பிடவில்லை. அம்மா சொன்னது சரி. நான் அந்த ஒப்பீட்டைப் பிறகு யாரிடமும் சொல்லவில்லை, இங்கே எழுதுவதோடு சரி.

அதற்குள் நோன்பு தொடங்கிவிட்டது. தம்பி நோன்பு திறந்த பிறகுதான் வருவார், ஆகவே அம்மா விறகடுப்பில் பருப்பு வடை சுட்டு வைத்திருந்தா. பவர் சப்ளையை மாற்றினோம். என்னையே பூட்டச் சொன்னார். கணனியைப் போட்டதும் இரண்டு தட்டுகளும் சுற்றும் மெல்லிய சத்தம் கேட்டது. பயோஸ் பட்டியலில் முதல் தட்டு வந்துவிட்டது. விண்டோஸ் இருந்த தட்டு. பத்திரங்கள் இருந்த இரண்டாவது தட்டு வரவில்லை.

இங்கே அவர் செய்தது எனக்குப் பிடித்தது. எதையும் ஊகிக்கவில்லை. வேலை செய்கிற தட்டின் சிவப்புத் தரவு வயரைக் கழற்றி, வேலை செய்யாத தட்டில் போட்டார். உடனே அது பட்டியலில் வந்தது. ஆக, தட்டும் பிழையில்லை, தாய்ப்பலகையும் பிழையில்லை, இரண்டாவது தட்டின் வயர்தான். அதன் தலையில் பிடித்துக்கொள்ளும் கிளிப் இல்லாததால் தளர்ந்து போயிருந்தது. வயர் மாற்றியும் சரிவராவிட்டால் தாய்ப்பலகையில் வேறு துளையில் போட்டுப் பார்க்க வேண்டும் என்றார். 2011 ஜனவரி 31ஆம் திகதி இன்டெல் கம்பனியே, தன் 6ஆம் வரிசைச் சில்லுத்தொகுதியில் ஒரு பிழை இருக்கிறது, தட்டுகள் பூட்டும் ஆறு துளைகளில் நான்கு காலப்போக்கில் தேய்ந்துபோகலாம் என்று அறிவித்துத் திருப்பி எடுத்தது. முதல் இரண்டு துளைகளுக்கு ஒன்றும் இல்லை. நம் நாட்டுக்குப் பாவித்த கணனிகள்தானே அதிகம் வருகின்றன. அந்தக் காலத்துப் பலகை அகப்பட்டவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது தட்டைத் திறந்தோம். 'இந்தத் தட்டைப் பாவிப்பதற்கு முன் ஃபோமட் செய்ய வேண்டும், செய்யவா?' என்று கேட்டது. என் விரல் ஆம் என்பதற்குப் போய்விட்டது. இத்தனை நாள் கழித்து அது பேசுகிறதே என்ற அவசரம். தம்பி என் கையைத் தட்டிவிட்டார். "அமத்தாதீங்க அக்கா! துடைச்சுப்போடும்."

எழுதிக்கொண்டிருக்கும்போதே அடிக்கடி மின்சாரம் போனதால் தட்டின் பொருளடக்கப் பக்கம் சிதைந்திருக்கிறது. புத்தகத்தில் முதல் பக்கம் கிழிந்தாலும் உள்ளே பக்கங்கள் இருப்பதுபோல, படங்கள் உள்ளே இருக்கக்கூடும். ஆனால் அந்தத் தட்டில் இனி ஓர் எழுத்தும் எழுதக்கூடாது. முதலில் முழுத் தட்டையும் இருந்தபடியே வேறொரு தட்டுக்குப் பிரதி எடுத்து, அந்தப் பிரதியில்தான் தேட வேண்டும். அவருடைய தட்டொன்றை இரவல் தந்தார். டிடிரெஸ்கியு என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. வாசிக்க முடிந்த இடங்களை முதலில் எடுத்துவிட்டு, பழுதான இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். எதுவரை வந்தது என்று குறிப்பும் வைத்துக்கொள்ளும். மின்வெட்டு வந்து நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அந்த ஏப்ரலில் அதைவிட எங்களுக்குப் பொருத்தமான மென்பொருள் வேறு இருந்திருக்காது. இரவு மூன்று நான்கு மணிக்கு எழும்பி, மின்சாரம் வந்துவிட்டதா என்று பார்த்துத் திரும்பத் தொடங்கிவிடுவேன். ஐந்து இரவுகள் போயின.

பிறகு ஃபோட்டோரெக் என்ற இன்னொரு இலவச மென்பொருளால் பிரதியில் தேடினோம். படங்கள் வரத் தொடங்கின. ஆயிரக்கணக்கில் வந்தன. ஆனால் அந்த மென்பொருளுக்குப் பொருளடக்கம் தேவையில்லை என்பதால் பெயர்களையும் அது மீட்பதில்லை. நான் எவ்வளவோ கவனமாக ஊர்ப் பெயர், ஆள் பெயர் போட்டு அடுக்கி வைத்திருந்த எல்லாம், ஓர் ஆங்கில எழுத்தும் நீண்ட இலக்கமுமாகக் கலைந்து கிடந்தன. சான்றிதழ்களில் பெயர் இருக்கும், வாசித்துப் பிரிக்கலாம். முகங்களில் பெயர் இல்லையே.

முகங்களை அவரவர்தான் வந்து சொல்ல வேண்டும். இதில் எனக்கு ஒரு தயக்கம் இருந்தது. சிலர் தங்கள் பிள்ளை எங்கே இருந்தான் என்பதையே வெளியில் சொல்லாதவர்கள். ஒருவரின் படத்தை இன்னொருவருக்குக் காட்டலாமா? ஆகவே ஒவ்வொருவராகத்தான் கூப்பிட்டேன். தொலைவில் இருந்தவர்களிடம் வயது, உடுப்பு, படம் எடுத்த இடம் கேட்டுத் தேடினேன். ஒரு நாள் மாத்திரம் மழை காரணமாக இருவர் ஒன்றாக மாட்டிக்கொண்டார்கள். ஒருவர் புதுக்குடியிருப்பு அக்கா, ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு வந்தவர். மற்றவர் கட்டுகஸ்தோட்டைப் பக்கத்து அந்தச் சிங்கள அக்கா. ஒருவரின் பாசை மற்றவருக்கு அவ்வளவாகத் தெரியாது. திரையில் படங்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. சீருடையில் ஒரு படம் வந்ததும் சிங்கள அக்கா கையை நீட்டினார், குரல் வரவில்லை. புதுக்குடியிருப்பு அக்கா என் தோளைத் தட்டி, "நில் பிள்ளை, அது அவவின்ர ஆள்" என்றார். அவருக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை.

தம்பியின் படம் கடைசியாகத்தான் அகப்பட்டது. பழுதான இடத்தில் மாட்டியிருந்ததால் பாதிதான் வந்தது. மேல் பாதி தெளிவாக இருந்தது, அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். அம்மாவைக் கூப்பிட்டேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தா. "ரெண்டாவது பொத்தான் வரைக்கும் இருக்கு" என்றா. பிறகு, "போதும்" என்றா.

இப்போது எல்லாவற்றுக்கும் மூன்று பிரதிகள் இருக்கின்றன. ஒன்று கணனியில், ஒன்று கழற்றி அலுமாரியில், ஒன்று வவுனியாவில் அக்கா வீட்டில். ஒரே வீட்டில் எத்தனை பிரதி இருந்தும் பயனில்லை. 1981இல் யாழ்ப்பாணம் நூலகம் எரிந்தபோது 97,000 புத்தகங்களோடு, உலகில் வேறெங்கும் இல்லாத ஏடுகளும் போயின. 2005இல் தொடங்கிய நூலகம் மின்னூலகத்தார் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் ஸ்கேன் பண்ணி எல்லோருக்கும் திறந்து வைத்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு அந்த நினைவு வரும். எங்கள் பத்திரங்கள் அப்படி ஊருக்குத் திறந்து வைப்பவை அல்ல. ஆகவே உரியவர்களுக்கும் ஆளுக்கொரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். பென் டிரைவ் வாங்க வசதியில்லாதவர்களுக்கு ஸ்டூடியோவில் படத்தாளில் அச்செடுத்துக் கொடுத்தேன். அது வீட்டுப் பிரின்டர் படம்போல மங்காது. அம்மாவின் படமும் அப்படித்தான் இப்போது சுவரில் இருக்கிறது. ஆனாலும் வெள்ளிக்கிழமைகளில் திரையில் காட்டச் சொல்லுவா.

'யாருடையது' என்று பெயர் போட்ட ஓர் அடைவு இன்னமும் கணனியில் இருக்கிறது. அதற்குள் பதினொரு படங்கள். பாடசாலைச் சீருடையில் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பிள்ளை. வேப்ப மரத்தடியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒருவர். கல்யாண மாலையோடு இருவர், பெண்ணின் முகத்தில் மடிப்புக் கோடு விழுந்திருக்கிறது. 2012க்கும் 2022க்கும் இடையில் மஹய்யாவையில் எங்கள் முன்னறைக்கு வந்து படம் ஸ்கேன் பண்ணியவர்கள் இதை வாசித்தால், அல்லது வந்தவர்களை உங்களுக்குத் தெரிந்தால், ஒருமுறை வரச் சொல்லுங்கள். காசு வேண்டாம். மின்வெட்டு இருந்தாலும் பரவாயில்லை, இருந்து பார்த்துவிட்டுப் போகலாம்.